பயண முன்பதிவும் பண அட்டை மோசடியும்

2005ஆம் ஆண்டுத் தீபாவளிக்குப் பெங்களூருவிலிருந்து சொந்த ஊர் செல்வதற்குப் பேருந்தில் இடம் கிடைக்காத பணீந்திர சாமா என்னும் இளம் பொறியாளர், நண்பர்கள் இருவருடன் சேர்ந்து மறு ஆண்டே 'ரெட்பஸ்' என்ற இணையவழிப் பயணச்சீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்கு முன்னரே, 2002 ஆகஸ்டு மாதத்தில், இந்திய ரயில்வே உணவு மற்றும் சுற்றுலாக் கழகமாகிய ஐ.ஆர்.சி.டி.சி. ரயில் முன்பதிவை இணையத்திற்குக் கொணர்ந்திருந்தது. முன்பதிவு அலுவலகத்தின் நீண்ட வரிசை குறைந்தது. தரகர்களின் ஆதிக்கமும் ஓரளவு தளர்ந்தது. அல்சூரை அடுத்துள்ள ஜோகுபாளையம் போன்ற பகுதிகளில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள், பொங்கலுக்கு ஊர் செல்லவும், கோடை விடுமுறையில் உதகைக்கோ வேளாங்கண்ணிக்கோ திருப்பதிக்கோ போய்வரவும், இன்று கைப்பேசியின் துணைகொண்டே எல்லா ஏற்பாடுகளையும் செய்துகொள்கின்றன.

இவ்வசதியின் பின்னே பண அட்டை இருக்கிறது. அதனைச் சுற்றி ஒரு புதுவகைக் களவுத் தொழிலும் வளர்ந்துள்ளது. பொருளாதாரம், வணிகவியல், சட்டம் பயிலும் மாணவர்களும், மக்களின் புகார்களைப் பெற்று நடவடிக்கை எடுக்கும் பொறுப்பிலுள்ள அலுவலர்களும் இத்தொழில் இயங்கும் முறையை அறிந்திருத்தல் அவசியமாகும். 'ஏமாந்தவர் கவனக்குறைவாக இருந்துவிட்டார்' என்று கூறிக் கோப்பை மூடிவிடும் வழக்கம் இன்னும் பல இடங்களில் நீடிக்கிறது. இழப்பு எவ்வழியே நேர்ந்தது என்பதைப் பொறுத்தே அதனை மீட்கும் வழியும் அமைகிறது என்பதால், இந்த வேறுபாட்டைத் தெளிவாக உணர்வது நலம்.

பயணத்தை மோசக்காரர் நாடுவது ஏன்?

கடையில் அரிசி வாங்குபவர் பணத்தைக் கொடுத்த அக்கணமே பொருளைப் பெறுகிறார். பயணச் சேவை அத்தகையதன்று. பிப்ரவரியில் பணம் செலுத்தி மே மாதத்தில் தங்கவேண்டிய விடுதிக்கு, இடையில் மூன்று மாத காலம் இருக்கிறது. விடுதி உண்மையானதா என்பது பயணி அதன் வாயிலில் போய் நிற்கும்போதுதான் தெரியும். இந்த இடைக்காலமே மோசக்காரரின் முதல் மூலதனம் எனலாம். அதற்குள் போலித் தளம் மறைந்துவிடும். பணம் பல கணக்குகளைக் கடந்துவிடும்.

விழாக்காலத் தட்டுப்பாடு அடுத்த காரணம். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் பெங்களூருவிலிருந்து தென் மாவட்டங்களுக்குச் செல்லும் பேருந்துகளில் இடம் அரிது, கட்டணமோ அதிகம். அவ்வேளையில் 'இன்னும் 2 இடங்களே உள்ளன' என்று ஒரு தளம் காட்டினால், அதனை ஆராய எவருக்கும் பொறுமை இருப்பதில்லை. விடுமுறைப் பயணத்திற்குச் செலவிடும் தொகையும் ஒரு குடும்பத்தின் அன்றாடச் செலவுகளைவிடப் பெரிது. ஆகவே, வழக்கத்திற்கு மாறான பெருந்தொகை அட்டையிலிருந்து செல்வது வங்கியின் கண்ணுக்கும் இயல்பானதாகவே தோன்றுகிறது.

பலரும் கவனியாத மற்றொரு காரணமும் உண்டு. தொடக்கத்தில் இணையவழி ரயில் சீட்டு அச்சிடப்பட்டுக் கூரியர் மூலம் வீட்டு முகவரிக்கு அனுப்பப்பட்டது. திருடிய அட்டையால் அத்தகைய சீட்டை வாங்குபவன் ஒரு முகவரியைத் தந்தாக வேண்டும். அது அவனைக் காட்டிக்கொடுக்கக்கூடும். மின்சீட்டு வந்தபின் அத்தடை நீங்கிற்று. உலகின் எந்த மூலையிலிருந்தும் வாங்கலாம், மின்னஞ்சலில் பெறலாம், உடனே வேறொருவருக்கு விற்றும்விடலாம்.

அட்டையின் இலக்கங்களும் இரண்டாம் பூட்டும்

கடையில் அட்டையைக் கருவியில் செருகும்போது அதிலுள்ள சில்லு தன்னைத்தானே மெய்ப்பிக்கிறது. இணையத்தில் அட்டை நேரில் வருவதில்லை. அதன் எண், காலாவதித் திங்கள், பின்புறமுள்ள சி.வி.வி. எனப்படும் மூன்று இலக்கங்கள் ஆகியவையே அட்டையின் இடத்தில் நிற்கின்றன. இவற்றைப் பார்த்தவர் எவரும் அட்டையையே வைத்திருப்பவருக்கு ஒப்பாகிவிடுகிறார்.

இக்குறையை நீக்கவே இந்திய ரிசர்வ் வங்கி, இணையவழி அட்டைப் பரிமாற்றங்களுக்குக் கூடுதல் சரிபார்ப்பு ஒன்றை 2009 ஆகஸ்டு 1 முதல் கட்டாயமாக்கியது. இன்று நாம் அறிந்த ஒருமுறைக் கடவுச்சொல், அதாவது ஓ.டி.பி., இதன் வழிவந்ததே. ஐரோப்பிய ஒன்றியம் இதையொத்த விதியை 2019 செப்டம்பரில்தான் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது என்பதை எண்ணும்போது, இத்துறையில் நம் நாடு முந்திக்கொண்டது தெளிவாகும்.

எனினும் இப்பூட்டு வெளிநாட்டு வணிகர்களைக் கட்டுப்படுத்தவில்லை. நம் நாட்டு வங்கி வழங்கிய அட்டையாயினும், அயல்நாட்டு விடுதித் தளமொன்றில் எண்ணையும் சி.வி.வி.யையும் மட்டும் இட்டுப் பணம் செலுத்த முடிந்தது. அட்டை மோசடியில் நள்ளிரவில் டாலர் கணக்கில் பற்று வைக்கப்பட்டதாக வரும் புகார்கள் பெரும்பாலும் இவ்வாயில் வழியே வந்தவை. 2025 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளில், இத்தகைய எல்லை கடந்த பரிமாற்றங்களுக்கும் கூடுதல் சரிபார்ப்பு ஏற்பாட்டை அட்டை வழங்கும் வங்கிகள் செய்துமுடிக்க 2026 அக்டோபர் 1ஆம் நாளை ரிசர்வ் வங்கி காலக்கெடுவாக நிர்ணயித்தது. இதற்கிடையே, 2020 ஜனவரிச் சுற்றறிக்கையின்படி, வெளிநாட்டுப் பயன்பாடு, இணையவழிப் பயன்பாடு ஆகியவற்றைத் தனித்தனியே திறக்கவும் மூடவும், உச்சவரம்பு வைக்கவும் அட்டைதாரருக்கு வசதி அளிக்கப்பட்டுள்ளது. ஆண்டிற்கொரு முறை வெளிநாடு செல்பவர் எஞ்சிய நாட்களில் அவ்வாயிலை மூடியே வைக்கலாம். இவ்வளவு எளிய வசதியைப் பெரும்பாலோர் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பெங்களூரு விமான நிலையத்தில் நேர்ந்தது

இரண்டாம் பூட்டு வலுப்பெற்றதும் மோசக்காரர் பூட்டை உடைப்பதை விட்டுவிட்டுச் சாவியைக் கேட்டுப் பெறும் வழிக்குத் திரும்பினர். 2024ஆம் ஆண்டில் பெங்களூருவில் வெளிவந்த நிகழ்ச்சி இதற்குத் தக்க சான்று.

அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில், தேவனஹள்ளி அருகிலுள்ள கெம்பேகவுடா பன்னாட்டு விமான நிலையத்தில் பயணி ஒருவர் ஓய்வுக்கூடத்தைப் பயன்படுத்த விரும்பினார். குறிப்பிட்ட கடன் அட்டை உடையவர்களுக்கு இக்கூடத்தில் கட்டணமின்றி இடமளிப்பது வழக்கம். அட்டை கையில் இல்லாததால் கைப்பேசியிலிருந்த அதன் படத்தைக் காட்டினார் அப்பெண்மணி. ஒரு செயலியைப் பதிவிறக்கம் செய்து முகத்தைப் பதிவிடுமாறு அவருக்குச் சொல்லப்பட்டது; அவரும் அவ்வாறே செய்தார். பின்னர் அவருக்கு வரவேண்டிய அழைப்புகள் சரிவர வரவில்லை. ஒருவாறு காரணம் புரிந்தபோது, அவரது கடன் அட்டையிலிருந்து 87,000 ரூபாய்க்கு மேல் வேறொரு கணக்கிற்குச் சென்றிருந்தது.

பெங்களூருவைச் சேர்ந்த 'கிளவுட்செக்' என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் இதனை ஆராய்ந்து அக்டோபரில் அறிக்கை வெளியிட்டது. 'லவுஞ்ச் பாஸ்' என்ற பெயரில் உலவிய அப்போலிச் செயலி, கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைப் பெற்று, அவற்றை மோசக்காரருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 2024 ஜூலை, ஆகஸ்டு ஆகிய இரு மாதங்களில் ஏறத்தாழ 450 பயணிகள் அதனைத் தம் கைப்பேசியில் நிறுவியதாகவும், 9 லட்சம் ரூபாய்க்கு மேல் களவு போனதாகவும் அவ்வறிக்கை கூறிற்று.

இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. பாதிக்கப்பட்டோர் எவரிடமும் கடவுச்சொல்லை வாய்விட்டுச் சொல்லவில்லை. 'ஓ.டி.பி.யை யாரிடமும் கூறாதீர்' என்ற அறிவுரையை அவர்கள் முற்றிலும் கடைப்பிடித்தே ஏமாந்தனர். குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதியை ஒரு செயலிக்கு அளிப்பது, இனி வரப்போகும் கடவுச்சொற்கள் அனைத்தையும் முன்கூட்டியே கையளிப்பதற்குச் சமம். ஆகவே விழிப்புணர்வுப் பிரசாரங்களில் இன்னும் பழைய வாசகத்தையே திரும்பத் திரும்ப அச்சிடுவது போதுமானதன்று.

யாத்திரிகரைக் குறிவைக்கும் தளங்கள்

2025 ஏப்ரலில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்திய இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையம், யாத்திரிகர்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் ஓர் எச்சரிக்கை விடுத்தது. கேதார்நாத் ஹெலிகாப்டர் பயணம், யாத்திரைத் தலங்களில் தங்கும் விடுதி, வாடகை வண்டி, விடுமுறைச் சுற்றுலாத் தொகுப்பு ஆகியவற்றின் பெயரால் போலி வலைத்தளங்களும் சமூக ஊடகப் பக்கங்களும் பெருகியுள்ளதாகவும், தேடுபொறிகளில் பணம் கட்டி விளம்பரம் செய்து அவை முதலிடத்தில் தோன்றுவதாகவும் அது சுட்டிக்காட்டியது. கேதார்நாத் ஹெலிகாப்டர் பயணத்திற்கு ஐ.ஆர்.சி.டி.சி. நடத்தும் 'ஹெலியாத்ரா' தளம் ஒன்றே அதிகாரபூர்வமானது. நம் பகுதியினர் மிகுதியாகச் செல்லும் திருமலையின் பெயரிலும் போலித் தளங்கள் தோன்றியதும், திருமலை திருப்பதி தேவஸ்தானம் அவற்றின்மீது புகார் கொடுத்து வழக்குகள் பதிவானதும் பலர் அறிந்தவையே.

இத்தளங்கள் இரு வகையில் இயங்குகின்றன. சில, பணத்தை நேரே பெற்றுக்கொண்டு போலிச் சீட்டை அனுப்புகின்றன. மற்றவை இன்னும் நுட்பமானவை. பயணி இடும் அட்டை விவரங்களை, அதே நிமிடத்தில் மறுமுனையில் இருப்பவன் வேறொரு உண்மையான வணிகத் தளத்தில் இட்டு, பெருந்தொகைக்கு ஏதேனும் வாங்க முயல்கிறான். பயணியின் கைப்பேசிக்குக் கடவுச்சொல் வருகிறது. அவர் தம் முன்பதிவுக்குரியது என்று எண்ணி அதனைப் போலித் தளத்தில் இடுகிறார். கடவுச்சொல் தாங்கிவரும் குறுஞ்செய்தியில் தொகையும் வணிகரின் பெயரும் பெரும்பாலும் காணப்படும். ஆறு இலக்கங்களை மட்டும் பார்க்காமல் அவ்வரி முழுவதையும் படிப்பவர், 4,000 ரூபாய் அறைக்கு 40,000 ரூபாய் கேட்கப்படுவதைக் கண்டுகொள்வார்.

கசிந்த விவரங்கள்

பயணி யாதொரு பிழையும் செய்யாமலேயே இழப்பு நேர்வதும் உண்டு. 2018ஆம் ஆண்டு கோடையில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் உண்மையான தளத்திலேயே அயலார் நிரல் ஒன்று புகுத்தப்பட்டு, வாடிக்கையாளர் இட்ட விவரங்கள் வேறிடத்திற்குத் திருப்பப்பட்டன. 4 லட்சத்திற்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்ட அந்நிகழ்ச்சிக்காக, 2020இல் பிரிட்டிஷ் தகவல் ஆணையர் 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தார். ஏர் இந்தியாவின் பயணிகள் சேவைக் கணினியமைப்பை நடத்திவந்த 'சீட்டா' நிறுவனத்தில் நேர்ந்த ஊடுருவலால், 2011 ஆகஸ்டு முதல் 2021 பிப்ரவரி வரை பதிவான ஏறத்தாழ 45 லட்சம் பயணிகளின் விவரங்கள் பாதிக்கப்பட்டன. அவற்றுள் கடன் அட்டை விவரங்களும் இருந்தன, சி.வி.வி. எண்கள் அவ்வமைப்பில் இல்லை என்பது ஓர் ஆறுதல்.

வணிகரிடம் அட்டை எண் சேமிக்கப்பட்டிருப்பதே இக்கசிவுகளின் வேர். இதனையறிந்தே, அட்டை வழங்கும் வங்கியும் அட்டை வலையமைப்பும் தவிர வேறெவரும் அட்டை எண்ணைச் சேமித்து வைத்தலாகாது என்ற விதி 2022 அக்டோபர் 1 முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. இப்போது பயணத் தளங்களில் 'சேமித்த அட்டை' என்று காணப்படுவது உண்மையில் ஒரு மாற்றுக் குறியீடே. அக்குறியீடு திருடப்பட்டாலும் பிறிதோரிடத்தில் பயன்படாது.

திருடிய விவரங்களின் முடிவான பயன்களுள் ஒன்று, 'பாதி விலையில் விமானச் சீட்டு' என்ற விளம்பரமாகும். பிறர் அட்டையால் சீட்டு வாங்கி, அதைக் குறைந்த விலைக்கு மற்றொருவருக்கு விற்றுவிடுகின்றனர். அட்டைதாரர் மறுத்ததும் விமான நிறுவனம் சீட்டை ரத்து செய்கிறது. நிலையத்தில் போய் நிற்கும் பயணி பணத்தை இழப்பதோடு, விசாரணைக்கும் உள்ளாக நேரிடுகிறது. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல், விமான நிறுவனங்களுடனும் அட்டை நிறுவனங்களுடனும் சேர்ந்து விமான நிலையங்களில் நடத்திவந்துள்ள கூட்டு நடவடிக்கை நாட்கள் இவ்வகைக் குற்றத்தை மையமாகக் கொண்டவை.

இழப்பு யாருடையது?

ஜோகுபாளையத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் இரு குடும்பங்களை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்துகொள்வோம். முதல் வீட்டாரின் அட்டை எண் எங்கோ கசிந்து, அவர்கள் அறியாமலேயே 30,000 ரூபாய் பற்று வைக்கப்படுகிறது. இரண்டாம் வீட்டார் கோத்தகிரியில் இல்லாத விடுதி ஒன்றிற்கு, கடவுச்சொல்லைத் தாமே இட்டு, அதே 30,000 ரூபாயைச் செலுத்துகின்றனர். இருவரின் இழப்பும் ஒன்றே. இருவரும் ஒரே வகைக் குற்றவாளிக்கு இரையானவர்களே. ஆயினும் விதிகளின் பார்வையில் இருவரும் ஒருவரல்லர்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் நாள் வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளர் அனுமதியின்றி நிகழும் மின்னணுப் பரிமாற்றங்களுக்குப் பொறுப்பை வரையறுத்தது. வங்கியிடம் குறை இருப்பின் வாடிக்கையாளருக்கு யாதொரு பொறுப்பும் இல்லை. வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் குறையின்றி இடையில் எங்கோ தவறு நேர்ந்திருப்பின், செய்தி கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு அப்போதும் இழப்பில்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், சாதாரணச் சேமிப்புக் கணக்கிற்கும் 5 லட்சம் ரூபாய் வரை வரம்புள்ள கடன் அட்டைக்கும் அவர் ஏற்கவேண்டிய உச்ச அளவு 10,000 ரூபாய். அதற்கு மேற்பட்ட வரம்புள்ள கடன் அட்டைக்கு 25,000 ரூபாய். அதன்பின் வங்கியின் கொள்கைப்படி முடிவாகும். புகார் கிடைத்த 10 வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்கவும், 90 நாட்களுக்குள் தீர்வு காணவும் வங்கி கடமைப்பட்டது. யாவற்றினும் முக்கியமாக, வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்பதை மெய்ப்பிக்கும் சுமை வங்கியின்மீதே வைக்கப்பட்டது. இவ்விதிகள் அவ்வப்போது திருத்தம் பெறுபவை. நடப்பு அளவுகளை வங்கியில் கேட்டறிக.

முதல் வீட்டாருக்கு இச்சுற்றறிக்கை அரணாகிறது. இரண்டாம் வீட்டார் கடவுச்சொல்லைத் தாமே இட்டவர்கள். ஆகவே வங்கி அதை 'அனுமதித்த பரிமாற்றம்' என்றோ 'கவனக்குறைவு' என்றோ கூறிவிடும். கவனக்குறைவால் நேர்ந்த இழப்பில், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான தொகை முழுவதும் வாடிக்கையாளரையே சேரும். திருடப்பட்டவருக்கு இடமளிக்கும் விதி, ஏமாற்றப்பட்டவருக்கு இடமளிக்கவில்லை. உண்மைத் தளத்தை அச்சு அசலாக நகலெடுக்கும் திறன் இன்று யாவர்க்கும் எட்டும் அளவில் இருக்கையில், பார்த்தவுடன் போலியை அறியாமை கவனக்குறைவாகுமா என்பது மறுபரிசீலனைக்கு உரிய வினாவாகும்.

நீதிமன்றங்கள் இவ்வினாவை அணுகத் தொடங்கியுள்ளன. 2021இல் இணையத்தில் வாங்கிய ஆடையைத் திருப்பித்தர முயன்ற அசாம் வாடிக்கையாளர் ஒருவரை, வாடிக்கையாளர் சேவை மையத்தார்போல் பேசி ஒரு செயலியை நிறுவச்செய்து, 94,204 ரூபாயை மோசக்காரர் கவர்ந்தனர். அவர் 24 மணி நேரத்திற்குள் வங்கிக்குத் தெரிவித்திருந்தார். அப்பரிமாற்றங்கள் அனுமதியற்றவையே என்று கௌஹாத்தி உயர் நீதிமன்றம் கொண்ட முடிவை எதிர்த்துப் பாரத ஸ்டேட் வங்கி செய்த மேல்முறையீட்டை, 2025 ஜனவரி 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. விரைந்து தெரிவித்தமை அவ்வழக்கில் பெருந்துணையாயிற்று.

இரண்டாம் வீட்டாருக்கு வேறொரு வழியும் உண்டு; இதனை வங்கிக் கிளைகளில்கூடச் சிலர் எடுத்துரைப்பதில்லை. அட்டையால் பணம் செலுத்தியும் சேவை கிடைக்காதபோது, 'சார்ஜ்பேக்' எனப்படும் கட்டண மீட்பை அட்டை வழங்கிய வங்கி வாயிலாகக் கோரலாம். விசா வலையமைப்பின் விதிகளில் இதற்கான 120 நாட்கள், பணம் செலுத்திய நாளிலிருந்து மட்டுமன்றி, சேவை கிடைத்திருக்கவேண்டிய நாளிலிருந்தும் கணக்கிடப்படும். பரிமாற்றம் நடந்து 540 நாட்களைக் கடத்தலாகாது என்பதே வரம்பு. பிப்ரவரியில் செலுத்தி மே மாதத்தில் ஏமாந்தவருக்கும் காலம் எஞ்சியிருக்கிறது. தனிநபர் கணக்கிற்கு யு.பி.ஐ. மூலமோ நேரடியாகவோ அனுப்பிய தொகைக்கு இவ்விதி துணைவராது. 'அட்டை வேண்டாம், இந்த எண்ணுக்கு அனுப்பினால் 10 சதவீதத் தள்ளுபடி' என்று போலி விடுதிக்காரர் வற்புறுத்துவதன் உட்பொருள் இதுவே.

புகார் செய்யும் முறை

பணம் சென்றதை அறிந்தவுடன் 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும். அல்லது தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்யவேண்டும். 2021இல் தொடங்கிய இவ்வேற்பாட்டின்கீழ், பணம் சென்றடைந்த வங்கிக்கு உடனே செய்தி போகிறது. தொகை அங்கிருப்பின் முடக்கப்படுகிறது. நகர்ந்திருப்பின் அடுத்த வங்கியைத் தேடிச் செய்தி தொடர்கிறது. எனவே, முதல் சில மணி நேரங்களே மீட்பின் அளவை நிர்ணயிக்கின்றன. கூடவே அட்டையை முடக்கி, வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து, புகார் எண்ணைப் பெற்றுக்கொள்ளவேண்டும். வங்கி 30 நாட்களுக்குள் விடையளிக்காவிடின், அல்லது விடை நிறைவளிக்காவிடின், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். இதற்குக் கட்டணம் இல்லை.

நாட்டின் முதல் இணையக் குற்றக் காவல் நிலையம் 2001இல் பெங்களூருவில்தான் நிறுவப்பட்டது. இன்று மாநகரின் காவல் கோட்டங்களில் 'சி.இ.என்.' எனப்படும் தனி நிலையங்கள் இயங்குகின்றன. பிறர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துதல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவிலும், கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதல் 66டி பிரிவிலும் வருகின்றன. இரண்டிற்கும் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 318ஆம் பிரிவும் உடன் சேர்க்கப்படலாம்.

புகாரைப் பெறும் அலுவலர், தளத்தின் முழு முகவரி, பேசிய எண், குறுஞ்செய்திகள், பரிமாற்ற எண் ஆகியவற்றைத் திரைப்படமாகவே பெற்றுக்கொள்வது நல்லது. போலித் தளம் மறுநாள் இருக்காது. களவுபோன அட்டையால் விமானச் சீட்டோ விடுதி அறையோ வாங்கப்பட்டிருப்பது பற்றுக் குறிப்பிலிருந்து தெரியவந்தால், வங்கியோடு நில்லாமல் அந்த நிறுவனத்திற்கும் உடனே தெரிவிக்கவேண்டும். புறப்படும் நேரத்திற்கு முன் செய்தி சேர்ந்தால் சீட்டை அவர்களால் நிறுத்திவைக்க இயலும்.